ஏழைக்குக் கொடுத்தால் கெட்டுப் போவார்களா?

(ஜவளகிரி பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



ஏழைகளுக்குச் சும்மா பணம் கொடுத்தால் அவர்கள் சோம்பேறிகளாகி, குடித்துக் கெட்டுப் போவார்கள் என்பதாகச் சில பெரிய மனிதர்கள் சொல்லி வருகிறார்கள். அது உண்மையா, பித்தலாட்டமா என்பதைப் பற்றியே சில வார்த்தைகள் பேச ஆசைப்படுகிறேன். நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். உங்கள் புத்தியைக் கொண்டு யோசித்து, சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக் கொள்ளுங்கள்.

தோழர்களே! நம் நாட்டில் சும்மா கொடுப்பது புதிதா? சோழ ராஜாக்கள் பிரமதேயம் என்று ஊர் ஊராக எழுதி வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் இனாம், மானியம் என்று கொடுத்தார்கள். 1963-ல் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வருகிற வரையில் உழுதவன் நெல் உழாதவன் வீட்டுக்குப் போய்க் கொண்டிருந்தது. வாங்கினவன் சோம்பேறியாகி விடுவானே என்று எந்தச் சாஸ்திரியாவது கவலைப்பட்டதுண்டா? தட்டில் விழுந்த தட்சணைக்குப் புரோகிதரிடம் யாராவது கணக்குக் கேட்டதுண்டா? கூலிக்காரி கையில் ஆயிரம் ரூபாய் வந்தவுடன் மாத்திரம் எல்லோரும் கணக்குக் கேட்கக் கிளம்பி விடுகிறார்கள்.

சரி, கணக்கையே பார்ப்போம். 2011, 2012 வருஷங்களில் மத்தியப் பிரதேசத்தில் சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கம், யூனிசெஃப் உதவியோடு, 8 கிராமங்களில் எல்லோருக்கும் நிபந்தனையில்லாமல் பணம் கொடுத்துப் பரீட்சை பார்த்தது. பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைகளுக்கு 100. ஒரு வருஷம் கழித்து 300, 150. பணம் கொடுக்காத கிராமங்களோடு ஒத்தும் பார்த்தார்கள். குடி அதிகமாகவில்லை. ஜனங்கள் பருப்பும் காய்கறியும் பாலும் வாங்கினார்கள். வயதுக்கேற்ற எடையில்லாத பெண் குழந்தைகள் தேறினார்கள். ஆடு மாடு, விதை, தையல் மிஷின் வாங்கி, பிறரிடம் கூலிக்குப் போவதைக் குறைத்துச் சொந்த வேலையை அதிகமாகச் செய்தார்கள். இதிலே சோம்பேறித்தனம் எங்கே? கைகட்டி நிற்க ஆள் கிடைக்காதே என்பதுதான் சிலருடைய வயிற்றெரிச்சலோ என்னவோ!

நம் பக்கத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்டு 30-ல் எல்லைக்கு அந்தப்புறம் கர்நாடகத்தில் கிருகலட்சுமி என்று பெண்களுக்கு மாதம் 2000 ரூபாய் ஆரம்பித்தார்கள். செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்த நாளில், காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆரம்பமாயிற்று. 1 கோடியே 6 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். வருமான வரம்பு வைத்தார்கள். ஆனால் எதற்குச் செலவழித்தாய் என்ற கேள்வியை வைக்கவில்லை. இரண்டு புறமும் பெண் கொடுத்து, பெண் எடுத்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறீர்கள். தொகை அங்கே அதிகம்; பெயர் இங்கே மேல். லட்சுமி கொடுத்தால் கும்பிட்டு வாங்க வேண்டும். உரிமையென்றால் நிமிர்ந்து வாங்கலாம்.

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாடு தீர்மானம் செய்தது. சட்டம் வர 1989 ஆயிற்று. 60 வருஷம்! ஆகவே வந்த உரிமையைச் சின்னதென்று விட்டுவிடக் கூடாது. நாளொன்றுக்கு 33 ரூபாயினால் வறுமை ஒழிந்துவிடாது. கூலியும் உயர வேண்டும், நிலமும் வேண்டும். ஆனால் மளிகைக் கடைக்காரரிடமும் கந்துக்காரரிடமும் ஒரு பெண் தலைகுனியாமல் நிற்க அது போதுமானால், அதுவே சுயமரியாதை.

கடைசியாக, ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மனைவியின் பாங்கிக் கார்டை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக் கொள்ளுகிறவன் இந்தக் கூட்டத்தில் கைதட்டுவதற்கு யோக்கியதையில்லாதவன். அவன் இன்றிரவு வீட்டுக்குப் போய் அதைத் திருப்பிக் கொடுக்கட்டும். கைதட்டலை நாளைக்கு வைத்துக் கொள்ளலாம்.