மறதிக்கு ஹார்மோன் மாத்திரையா?

(உறையூர் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



போன மாசக் குழுக் கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க: "மாதவிடாய் நின்னதிலேர்ந்து ஒரே மறதி. ஹார்மோன் மாத்திரை மூளைக்கு நல்லதாமே?" கையில பக்கத்து வீட்டம்மா கொடுத்த மாத்திரை அட்டை வேற!

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை விழுங்கினால் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே இரத்தத்தை உறைய வைக்கும் பொருட்கள் கூடுகின்றன. தோலில் ஒட்டும் பட்டையோ, தடவும் ஜெல்லோ நேரே இரத்தத்தில் கலக்கும். கட்டி அடைக்கும் ஆபத்து குறைவு.

சரி, மறதிக்கு? 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 4,532 பெண்களில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 40 பேருக்கு மறதிநோய் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 21 பேருக்குத்தான். 2015-ல் வந்த ஆய்வில், மாதவிடாய் நின்று 3 வருஷத்துக்குள் இருந்தவர்களுக்கு மாத்திரையும் பட்டையும் 4 வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். எதிலும் ஞாபகசக்தி கூடவில்லை, குறையவுமில்லை.

உடம்பு திகுதிகுன்னு எரியுது, தூக்கமே இல்லைன்னா அது வேற. டாக்டர் பார்த்து ஹார்மோன் கொடுப்பாங்க. காலில் இரத்தக்கட்டு, மார்புப் புற்றுநோய் இருந்திருந்தா மறைக்காம சொல்லணும். இரத்தசோகை, தைராய்டு குறைவாலும் மறதி வரும், முதல்ல அதைப் பார்ப்போம்.

வருகிற புதன்கிழமை அந்த அக்காவோடு புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். வர்றவங்க பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துட்டு வாங்க.