உழைப்பைக் கண்டறியும் பாராட்டு

1904-ஆம் ஆண்டில் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் இராமானுஜனுக்குக் கணிதப் பரிசு வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர், முழு மதிப்பெண்ணும் இம்மாணவனுக்குக் குறைவே என்னும் கருத்துப்படப் பேசினார். அதன்பின் கும்பகோணம் கல்லூரியில், கணிதமல்லாத பாடங்களில் தவறியமையால் அவர் உதவித்தொகையை இழந்தார். தலைமையாசிரியர் கண்டதை மதிப்பெண் பட்டியல் காணவில்லை.

இராமானுஜன்கள் அரியர், ஆயினும் அவ்வாசிரியரின் பார்வை எல்லா வகுப்பிற்கும் வேண்டும். இராயக்கோட்டை வட்டாரத்தில், இல்லத்தில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளும் தமிழ் வகுப்பில் அமர்ந்து பயில்கின்றனர். அவருள் ஒருவன் 20 மதிப்பெண்ணிலிருந்து 40-க்கு உயர்ந்தால், 90 பெற்றவனினும் அவன் மிகுதியாக உழைத்திருக்கக் கூடும். "நன்று" என்னும் ஒரு சொல் அவனுக்குப் போதாது. "சென்ற மாதம் ரகர றகர வேறுபாட்டில் தடுமாறினாய், இன்றைய கட்டுரையில் ஓரிடத்தும் பிழையில்லை" என்று ஆசிரியர் சுட்டிக் காட்டினால், தன் உழைப்பு எங்கே பயன் தந்தது என்பதை அவன் உணர்வான், அடுத்த படியில் துணிந்து கால் வைப்பான்.

உழையாதவனுக்கு வழங்கும் புகழோ உழைத்தவனுக்கு இழைக்கும் அநீதியாகும்.

மாணவர்களே, இக்கடமை ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. அருகிலிருக்கும் தோழனின் முயற்சியை முதலில் அறிபவர் நீங்களே. அறிந்ததை அவனிடம் மனமுவந்து கூறுங்கள்.