காசநோய் மாத்திரையும் நமது கடமையும்

(சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

கல்விக்கென்று தோன்றிய சங்கத்தில் நோயைப் பற்றிப் பேசுவது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். உழைத்துப் பொருள் ஈட்டுபவர் இருமிக்கொண்டு பாயில் விழுந்தால், அந்த வீட்டில் முதலில் நின்றுபோவது பிள்ளையின் படிப்பு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகக் கூறுவேன். ஆகவே காசநோயைப் பற்றிப் பேசுவதும் கல்விப் பணியே ஆகும்.

எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் நம் முன்னோர் அஞ்சிய இந்நோய் சாபத்தால் வருவதன்று, பரம்பரையால் வருவதுமன்று. இதற்குக் காரணம் ஒரு கிருமி என்பதை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் அறிவித்தார். நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் இக்கிருமி, காற்றோட்டமில்லாத வீட்டில் நெருங்கி வாழ்வோரின் நெஞ்சில் புகுகிறது. பசியால் மெலிந்த உடலில் அது எளிதில் வேரூன்றுகிறது. நம் மக்கள் பலருக்குச் சன்னல் இல்லாத வீடும் அரைவயிற்றுக் கஞ்சியுமே வாய்த்தன என்பதை நினைத்தால், இந்நோய் ஏழையின் வீட்டைத் தேடி வருவதன் காரணம் விளங்கும்.

ஒரு காலத்தில் இதற்கு மருத்துவம் என்றால், ஊருக்கு வெளியே உள்ள சானடோரியத்தில் மாதக் கணக்கில் தங்குவதுதான். எல்லோருக்கும் அங்கே இடம் ஏது? இந்நிலையில், 1956ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று வழங்குவது அதுவே. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு பகுதியினரைத் தம் வீட்டிலேயே இருக்கச் செய்தும், இரு சாராருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. நெருக்கமான வீட்டில், குறைந்த உணவோடு இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே தேறினார்கள். அவர்களுடைய வீட்டாருக்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. மருந்தை ஒழுங்காக உட்கொள்வதே குணத்திற்கு வழி என்னும் பேருண்மையை உலகிற்கு அளித்தவர்கள் சென்னையின் ஏழை மக்கள் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

இன்று வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மருத்துவம் அரசால் இலவசமாக அளிக்கப்படுகிறது. முதல் இரண்டு மாதங்கள் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பூட்டால் என்னும் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதங்கள் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும். இவை ஒரே மாத்திரையில் சேர்த்துச் செய்யப்பட்டு, நோயாளியின் எடைக்குத் தக்க எண்ணிக்கையில் நாள்தோறும் கொடுக்கப்படுகின்றன.

மருந்து ஏன் நான்கு, மாதம் ஏன் ஆறு? ஒரு மருந்துக்கு மசியாத கிருமி மற்றொன்றால் மடியும். அதனால் மருந்துகள் பல. விரைந்து பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே அழிகின்றன; இருமல் அடங்குகிறது; பசி எடுக்கிறது. ஆனால் உறங்குவதுபோல் ஒடுங்கிக் கிடக்கும் கிருமிகள் எஞ்சுகின்றன. வயலில் கோரையைப் பிடுங்கியவர்களுக்கு இது புரியும். மேலே உள்ள புல்லை அறுத்தால் நிலம் சுத்தமாகத் தோன்றும். கிழங்கு அடியில் இருந்தால் மறு மழைக்கு அது முளைத்துவிடும்.

என் பள்ளியில் பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்துவந்த மாணவன் ஒருவன் திடீரென வரவில்லை. விசாரித்தபோது செய்தி தெரிந்தது. அவன் தந்தை கொத்தனார். மாத்திரை தொடங்கி மூன்றாம் மாதத்தில் இருமல் நின்றதும், நோய் தீர்ந்தது என்று எண்ணி, மாத்திரையை நிறுத்திவிட்டு வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார். ஆறு மாதம் கழித்து இரத்தம் கக்கிக்கொண்டு திரும்பினார். இம்முறை சில மருந்துகளுக்குக் கிருமி அடங்கவில்லை. மருத்துவம் நீண்டது, அவர் பிழைத்தார். ஆனால் பையன் அவ்வாண்டுத் தேர்வை எழுதவில்லை. இடையில் நின்ற மாத்திரை ஒரு பிள்ளையின் ஓராண்டை விழுங்கிவிட்டது.

ஆகவே மாத்திரை உண்ணும் முறையைக் கூறுகிறேன், இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அன்றைய மாத்திரைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில், நாள்தோறும் குறித்த வேளையில், வெறும் வயிற்றில் உட்கொள்வது நல்லது. குமட்டல் இருந்தால் நிறுத்திவிடாமல், சிறிது உணவுக்குப் பின் உண்ணலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக உண்ணலாகாது. சுகாதாரப் பணியாளரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சர்க்கரை, வலிப்பு முதலியவற்றிற்கு உண்ணும் மருந்துகளையும், கர்ப்பமாக இருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பயனைக் குறைத்துவிடும் என்பதைத் தாய்மார்கள் அறிய வேண்டும். வயிற்றெரிச்சலுக்கான மருந்தை இம்மாத்திரையோடு சேர்த்து உண்ணக்கூடாது.

மூன்றாவது, சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போவது ரிஃபாம்பிசினால். அதற்கு அஞ்ச வேண்டா. பாத எரிச்சலோ மரமரப்போ இருந்தால் அதைத் தணிக்க வைட்டமின் மாத்திரை உண்டு. மூட்டு வலியையும் மருத்துவரிடம் சொல்லலாம். ஆனால் கண் மஞ்சளித்தல், ஓயாத வாந்தி, பார்வை மங்குதல், சிவப்பும் பச்சையும் வேறுபாடின்றித் தெரிதல் ஆகியவை அபாய அறிகுறிகள். இவை கண்டால் மாத்திரையை நிறுத்தி, அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

நான்காவது, இம்மருந்துகளைத் தாங்குவது ஈரல். அதன்மீது சாராயத்தையும் ஊற்றினால் அது தாங்காது. ஆறு மாதமும் குடியை அறவே விலக்க வேண்டும். பீடியையும் விட வேண்டும்.

ஐந்தாவது, செங்கல் சூளைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போக நேர்ந்தால், முன்கூட்டியே மருத்துவமனையில் தெரிவித்தால், போகும் ஊரிலேயே மாத்திரை கிடைக்க ஏற்பாடு செய்வார்கள். இரண்டாம் மாத முடிவிலும் மருத்துவ முடிவிலும் சளிப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது.

மருந்தோடு உணவும் வேண்டும். ஜார்க்கண்டு மாநிலத்தில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கூடுதலாகக் கொடுத்ததில், அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளியின் உணவுக்கென நடுவண் அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் வங்கிக் கணக்கில் அளித்துவருகிறது. அது பிச்சையன்று, உரிமை. கேட்டுப் பெற வேண்டும்.

இனி, நெஞ்சில் தைக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தவர்களை எதிர்த்து நின்றவர்கள் நாம். அப்படிப்பட்ட நம் வீடுகளிலேயே காசநோய் கண்ட மருமகளுக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, திண்ணையில் தனிப் பாய்! தட்டிலும் குவளையிலும் இந்நோய் பரவுவதில்லை. மருந்து நன்கு வேலை செய்யத் தொடங்கிய சில வாரங்களில் பரவும் தன்மையும் பெரிதும் குறைந்துவிடுகிறது. அதுவரை வாயை மூடி இருமுவதும், சன்னலைத் திறந்து வைப்பதும், வீட்டார் அனைவரும் பரிசோதனை செய்துகொள்வதுமே தேவை. ஒதுக்கப்படுவோம் என்ற அச்சத்தால்தான் நோயை மறைக்கிறார்கள்; மறைப்பதால்தான் மாத்திரை நின்றுபோகிறது. தீண்டாமையின் கொடுமையை அறிந்தவன் தன் வீட்டுக்குள் அதற்கு இடம் கொடுக்கலாமா?

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கொடுப்பவர் என மருத்துவம் நான்கு பகுதிகளை உடையது என்பது வள்ளுவர் வகுத்த கணக்கு. முதல் மூன்றும் இன்று நம் ஊரில் உள்ளன. இல்லாதது நான்காமவரே. இளைஞர்களே, அந்த இடம் உங்களுக்குரியது. தெருவுக்கு ஒருவர் முன்வாருங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் இருமுபவரைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை உண்பவரின் வீட்டுக்கு நாள்தோறும் சென்று, அவர் விழுங்குவதைக் கண்ணால் கண்டு, நாட்காட்டியில் ஒரு கோடு இடுங்கள். ஆறு மாதத்தில் நூற்றெண்பது கோடுகள். அவ்வளவுதான் வேலை. அந்தக் கோடுகள் நிறைந்த வீட்டில் ஒரு தாய் பிழைத்திருப்பாள். ஒரு பிள்ளை பள்ளிக்கு வந்துகொண்டிருப்பான்.