இணையவழிப் பேச்சும் கைபேசி நிறுவனங்களும்

பெங்களூரிலுள்ள ஸ்ரீராம்புரம், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதி. வேலூர், தருமபுரி, திருவண்ணாமலை போன்ற ஊர்களில் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு, மாநில எல்லையைக் கடந்து பேசுவது ஒரு காலத்தில் செலவுமிக்க காரியம். எஸ்.டி.டி. சாவடியில் கட்டணம் குறையும் இரவு நேரம்வரை காத்திருந்து, ஓடும் மீட்டரைப் பார்த்தபடியே நலம் விசாரித்த நாட்கள் அவை. இன்று சிங்கப்பூரில் பணிபுரியும் மகனுடன்கூட முகம் பார்த்துப் பேச முடிகிறது. நிமிடங்களை எவரும் எண்ணுவதில்லை. நுகர்வோருக்குக் கிட்டிய இந்த நன்மை கைபேசி நிறுவனங்களின் வருவாயை எவ்வாறு மாற்றியது, அம்மாற்றத்தின் சுமை யார்மீது விழுகிறது என்பவை சிந்தனைக்குரியன.

நிமிடத்தின் மதிப்பு

2009-இல் நொடிக்கு ஒரு பைசா என்னும் கட்டணம் நாட்டில் அறிமுகமாயிற்று. அதாவது ஒரு நிமிடப் பேச்சுக்கு 60 பைசா. இணையவழியில் பேசும்போது குரல் சிறு சிறு தரவுப் பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. ஒரு நிமிடப் பேச்சுக்குப் பொதுவாக ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான தரவே செலவாகும். ஒரு ஜிகாபைட்டின் விலை பத்து ரூபாய் என்று கொண்டால், அந்த நிமிடத்தால் நிறுவனத்திற்குக் கிடைப்பது ஒரு பைசாவுக்கும் குறைவு. ஆனால் கோபுரங்கள், மின்சாரம், அலைக்கற்றை ஆகியவற்றின் செலவு சிறிதும் குறைவதில்லை. நிறுவனங்களின் கவலைக்கு அடிப்படை இதுவே.

ஒழுங்குமுறையின் பாதை

இந்தியாவில் இணையத் தொலைபேசி 2002 ஏப்ரலில் வரையறைகளுடன் அனுமதிக்கப்பட்டது. 2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம் இணையவழிப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் அறிவித்தது. எதிர்ப்பு எழவே சில நாட்களில் கைவிட்டது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015 மார்ச்சில் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. செயலிக்கேற்பத் தரவுக் கட்டணத்தை வேறுபடுத்துவதை 2016 பிப்ரவரியில் ஆணையம் தடை செய்தது.

உரிமக் கட்டணமும் அலைக்கற்றைக்கான தொகையும் செலுத்தும் தாங்கள் ஒரு பக்கம், இவை ஏதுமின்றி அதே சேவையை அளிக்கும் செயலிகள் மறுபக்கம் என்பது நிறுவனங்களின் முறையீடு. செயலிகளாலேயே தரவின் தேவை பெருகிற்று, அதற்கான விலையைப் பயனாளர் ஏற்கெனவே செலுத்திவிட்டார் என்பது எதிர்வாதம். இரண்டிலும் உண்மை உண்டு.

சந்தையில் விளைந்த மாற்றம்

2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோ, பேச்சு முழுவதையும் தரவாகவே கடத்தும் நான்காம் தலைமுறை வலையமைப்பைக் கொண்டு, பேச்சுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்றது. இதன்பின் செயலிக்கும் தொலைபேசிக்கும் இடையிலான விலை வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. பிற நிறுவனத்திலிருந்து வரும் அழைப்பை ஏற்பதற்கான கட்டணம் 2017 அக்டோபரில் 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகக் குறைந்தது. 2021 ஜனவரியில் அறவே நீங்கியது. பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனமும் 2018-இல் ‘விங்ஸ்’ என்னும் இணையத் தொலைபேசிச் சேவையை அறிவித்தது.

ஏர்செல் 2018-இல் நொடித்தது. வோடபோனும் ஐடியாவும் அதே ஆண்டில் இணைந்தன. இவற்றுக்கு இணையவழிப் பேச்சு மட்டுமே காரணமன்று. விலைப்போட்டியும், கடன் சுமையும், அலைக்கற்றைச் செலவும் சேர்ந்தே இவ்விளைவைத் தந்தன. வோடபோன் ஐடியா செலுத்த வேண்டிய நிலுவை பங்குகளாக மாற்றப்பட்டதால், 2025-இல் அதில் மத்திய அரசின் பங்கு ஏறத்தாழ 49 விழுக்காடாயிற்று. ஒரு காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் போட்டியிட்ட சந்தையில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே.

சுமை யார்மீது?

மாணவர்களும் அதிகாரிகளும் இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேச்சுக்கான விலை மறையவில்லை. நிமிடத்திலிருந்து மாதச் சந்தாவுக்கு இடம் மாறியிருக்கிறது. தரவை மிகுதியாகப் பயன்படுத்தும் இளைஞருக்கு இது ஆதாயம். பொத்தான் கைபேசியில் வாரம் இருமுறை ஊருக்குப் பேசும் முதியவருக்கோ, தாம் தொடாத தரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டும் நிலை. முன்பு பத்து ரூபாய்க்குப் பேசி முடித்தவர், இணைப்பை உயிருடன் வைத்திருப்பதற்கே அதைவிடப் பன்மடங்கு செலவிட வேண்டியவராகிறார்.

இக்குறையை உணர்ந்தே, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டம் அளிக்குமாறு ஆணையம் 2024 டிசம்பரில் பணித்தது. 2025 ஜனவரியில் அத்தகைய திட்டங்கள் வந்தன. எனினும் அவற்றில் முதலில் வந்தவை 84 நாள், ஓராண்டு என நீண்ட காலத்துக்கானவை. நாட்கூலி பெறுபவர் ஒரே தவணையில் பல நூறு ரூபாய் கட்டுவது எளிதன்று.

நிறுவனங்கள் வலையமைப்பை விரிவாக்கப் போதிய வருவாய் பெறுதல் வேண்டும்; ஏழையின் தொடர்பும் அறுபடலாகாது. ஒரு நிமிடத்தின் விலை எவ்வளவு என்று கேட்டு வந்த கொள்கை வகுப்போர், இனி ஓர் இணைப்பை ஒரு மாதம் காப்பதற்குரிய மிகக் குறைந்த செலவு எவ்வளவு என்று கேட்பதே பொருத்தமாகும்.