நோன்புக்கு முந்திய நாள்

(அறக்கட்டளையின் விழாவில், தேனியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாப் பந்தலில் நின்றுகொண்டு உணவைக் குறைப்பது பற்றிப் பேசுவதற்குச் சற்றுத் துணிவு வேண்டும். அடுப்படியிலிருந்து சர்க்கரைப் பொங்கலின் மணம் வந்துகொண்டிருக்கும்போது அந்தத் துணிவு இன்னும் கூடுதலாகவே வேண்டும். ஆயினும், நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்று நிகழ்ந்துவரும் ஒன்றைப் பற்றிப் பேசாமல் இருப்பது முறையன்று எனக் கருதி இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன். உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டு, அந்த நாள் வருவதற்குள் உண்ண வேண்டியதையெல்லாம் உண்டு தீர்த்துவிடும் வழக்கமே நான் சொல்லவந்த செய்தி.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் கதையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். 1895இல் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்து இப்பக்கம் வந்தது. நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் செழித்தன. நாற்று நட்டும், பந்தலடியில் நின்று குலை பறித்தும், போடி மலையேறி ஏலக்காய் எடுத்தும் உழைத்த உடல்களுக்கு மூன்று வேளைச் சோறு போதாமலும் இருந்தது. இன்று உழைப்பு குறைந்துவிட்டது. சோற்றின் அளவு குறையவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மிகை எடையுள்ள பெண்கள் 2015–16இல் நூற்றுக்கு 30.9 பேர்; 2019–21இல் 40.4 பேர். ஆண்களில் 28.2 என்பது 37 ஆயிற்று. புலால் உண்ணாத நம் வீடுகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு என்று எண்ண வேண்டாம். நெய்யும் சர்க்கரையும் மைதாவும் சைவ உணவுகளே அல்லவா?

இவ்வாறு எடை கூடி, நீரிழிவும் இரத்த அழுத்தமும் மூட்டுவலியும் உறக்கத்தில் மூச்சுத் தடையும் சேர்ந்தவர்களுக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் ஒரு வழிதான் இந்த அறுவை சிகிச்சை. 1966இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்டு மேசன் என்னும் மருத்துவர் இரைப்பை மாற்றுவழி முறையைத் தொடங்கிவைத்தார். இன்று மிகுதியாகச் செய்யப்படும் மற்றொரு முறையில், இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கையும் நீளவாக்கில் நீக்கிவிட்டு, எஞ்சியதை ஒரு குழாய்போல் ஆக்கிவிடுகிறார்கள். நீக்கப்படும் அப்பகுதியே பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு மிகுதியாக உண்டாகும் இடம். எனவே கொள்ளளவும் குறைகிறது, பசியும் தணிகிறது. இது அழகுக்காகச் செய்யப்படுவது அன்று. சோம்பேறிகள் தேடும் குறுக்குவழியும் அன்று. இதைச் செய்துகொள்பவரை இழித்துப் பேசும் நாக்கு முதலில் அடங்க வேண்டும்.

இனி, நான் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டா. என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருவர், இப்போது இரு பிள்ளைகளுக்குத் தாய். மதுரையில் ஒரு மருத்துவமனையில் அவருக்கு அறுவைக்கு நாள் குறித்தார்கள். செய்தி உறவினரிடையே பரவியது. அத்தை வீட்டில் பாயசத்தோடு ஒரு விருந்து. சித்தி வீட்டில் அதிரசமும் முறுக்கும். தம்பி மனைவி தன் பங்குக்குப் பரோட்டாவும் குருமாவும். “இனிமேல் நீ எங்கே சாப்பிடப் போகிறாய்? இப்போதே சாப்பிட்டுக்கொள்” என்பதே எல்லாருடைய வாயிலும் வந்த சொல். அன்பினால் வந்த சொல்தான். மூன்று வாரம் இவ்வாறு கழிந்தது. இரவில் எல்லாரும் உறங்கிய பின்னும் தனியே எழுந்து உண்டதாக அவரே பின்னர் கூறினார். அறுவைக்கு முந்திய பரிசோதனையில் எடை கூடியிருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லை. நாளை ஒத்திவைத்து அனுப்பிவிட்டார்கள். என்னைப் பார்க்க வந்தபோது அவர் சொன்னார்: “ஐயா, நான் பசிக்குச் சாப்பிடவில்லை, பயத்துக்குச் சாப்பிட்டேன்.”

அந்தச் சொல்லில் உள்ள உண்மையை அறிவியலும் அறிந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார் ஓர் ஆய்வு நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதில் பங்கேற்றனர். 24 வாரம் அரைவயிறாக இருந்தனர். அவர்களுடைய பேச்சும் கனவும் உணவைப் பற்றியே ஆயின. சமையல் நூல்களைச் சேர்த்துவைத்துப் படித்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். உணவு மறுக்கப்படும்போது மனம் அதையே சுற்றும் என்பதற்கு இது சான்று. மறுக்கப்படப் போகிறது என்ற எண்ணமே இத்தகைய விளைவைத் தரும் என்பதை 2002இல் டொராண்டோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். வழக்கமாக உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருப்பவர்களிடம், “நீங்கள் விரைவில் பத்தியம் இருக்கப் போகிறீர்கள்” என்று சொன்னபோது, அவர்கள் முன்னால் வைத்த பிஸ்கட்டுகளை, அவ்வாறு சொல்லப்படாதவர்களைக் காட்டிலும் மிகுதியாக உண்டார்கள். பத்தியம் தொடங்கவேயில்லை, அதன் அச்சமே கையை நீட்ட வைத்தது.

ஆகவே, இவ்வாறு உண்பவரைப் பேராசைக்காரர் என்று தள்ளிவிட வேண்டாம். மணிமேகலைக் காப்பியத்தில் யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் வாடிய காயசண்டிகையை நாம் அறிவோம். அவளை யாரும் கடிந்து திருத்தவில்லை. கருணையோடு அளித்த உணவே அவள் நோயைத் தீர்த்தது. அச்சத்தால் உண்பவருக்கும் முதலில் வேண்டுவது கருணை. எனினும் கருணை வேறு, கிண்ணம் நிறையப் பாயசம் ஊற்றுவது வேறு.

ஏன் என்று கேட்பீர்கள். கல்லீரலின் இடப்பகுதி இரைப்பையின் மேற்பாகத்தை மூடியவாறு அமைந்துள்ளது. அதை உயர்த்திப் பிடித்தால்தான் அறுவை மருத்துவருக்கு இரைப்பை முழுதும் தெரியும். உடல் பருத்தவர்களுக்குப் பெரும்பாலும் கல்லீரலிலும் கொழுப்புப் படிந்திருக்கும். அது பருத்தும் இருக்கும். மாவுப்பொருளிலிருந்து சேரும் கிளைக்கோஜன் என்னும் சேமிப்பும், அதனோடு நிற்கும் நீரும் அதை இன்னும் பெருக்கும். இதனால்தான் அறுவைக்கு முன் ஏறத்தாழ இரண்டு வாரம் மாவும் கொழுப்பும் குறைந்த உணவோ, நீர்ம உணவோ கொடுக்கிறார்கள். அந்த இரு வாரத்திலேயே கல்லீரல் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கிவிடும். விருந்து உண்டால் அது மீண்டும் பெருக்கும். பெருத்த கல்லீரல் வழிமறித்தால் அறுவை கடினமாகும். சில வேளை தொடங்கியதை நிறுத்தவும் நேரும். உயர்ந்த சர்க்கரை புண் ஆறுவதைத் தாமதமாக்கும், தொற்றுக்கும் வழிவிடும். மயக்க மருந்து கொடுக்கும் நாளில் இரைப்பையில் உணவு இருந்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் புகுந்து உயிருக்கே ஊறு செய்யலாம். எனவே, “நேற்றிரவு கொஞ்சம் உண்டுவிட்டேன்” என்பதை மருத்துவரிடம் மறைப்பதைப் போன்ற தீங்கு வேறில்லை.

இவ்விடத்தில் நம் மரபு நமக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். உத்தமபாளையத்துத் திருக்குணகிரிப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் கண்டிருப்பீர்கள். அவை ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமை உடையவை. அதே காலத்து மதுரைச் சமணக் கல்வெட்டுகளில் குரண்டி அட்டோபவாசி படாரர் என்றொரு துறவியின் பெயர் வருகிறது. உபவாசத்தையே பெயராகப் பெற்ற பெரியவர்! அத்தகையோர் வாழ்ந்த மண்ணில் நோன்பு என்பது ஒரு நாள் பட்டினியாக மட்டும் இருந்திருக்க இயலாது.

சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழி நின்று தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு உரிய நோன்புகளைக் கூறுவன. புரோஷதோபவாசம் என்னும் சொல்லில் இரண்டு பகுதிகள் உள்ளன. நால்வகை உணவையும் நீத்தல் உபவாசம். ஒருவேளை மட்டும் உண்ணுதல் புரோஷதம். நோன்பு நாளுக்கு முந்திய நாளும் ஒருவேளை, பிந்திய நாளும் ஒருவேளை, இடைநாள் உபவாசம். அட்டமிக்கும் சதுர்த்தசிக்கும் நம் பாட்டியர் இருந்த முறை இதுவே. நாளை பட்டினி என்பதற்காக இன்று இருமடங்கு உண்ண அவர்கள் நமக்குக் கற்பிக்கவில்லை. நோன்பு அதற்கு முந்திய நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

தவத்தின் புறவகை ஆறனுள், உண்ணாமைக்கு அடுத்ததாகக் குறைய உண்ணுதல் வைக்கப்பட்டிருக்கிறது. அவமோதரியம் என்பர். ஆடவர்க்கு முழு உணவு 32 கவளம், மகளிர்க்கு 28 கவளம் எனக் கணக்கிட்டு, அதிற் குறைத்து உண்பதையும் தவம் என்றே நம் முன்னோர் வகுத்தார்கள். கவளத்தை எண்ணி உண்பவன் கவனித்து உண்கிறான். அறுவைக்குப் பின் சிறு கவளம், மெல்ல மென்று, நிறைவு தோன்றியதும் நிறுத்துதல் என்று உணவியல் வல்லுநர் இன்று கூறும் பயிற்சி நமக்கு அயலானதன்று. அதை அறுவைக்கு முன்பே தொடங்கிவிடலாம்.

“இனி எதுவும் உண்ண முடியாது” என்பதும் உண்மையன்று. அறுவைக்குப் பின் முதலில் தெளிந்த நீர்மங்கள், பின்பு மோரும் பருப்புநீரும் போன்றவை, பின்பு மசித்த உணவு, சில வாரங்களில் வழக்கமான உணவு என்று படிப்படியாக ஏறுவார்கள். இட்டலியும் வரும், சாம்பாரும் வரும், அளவுதான் சிறுகும். மறையாத ஒன்றுக்கு எதற்காக வழியனுப்பு விருந்து?

நம் குடும்பங்கள் கருத்தில் கொள்ள வேண்டிய சில செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்பவர், பத்திய உணவு தொடங்கும்போதே மருந்தளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். உணவு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருத்துவமனையில் தரும் உணவுப் பட்டியலில் முட்டையும் கோழிச்சாறும் இருக்கக்கூடும். நம் உணவு நெறியை முதல் நாளே தெரிவித்து, பருப்பு, தயிர், பன்னீர், சோயா ஆகியவற்றால் புரதம் ஈடுசெய்யக் கேளுங்கள். பல மாத்திரைக் கூடுகள் விலங்குப் பொருளான ஜெலட்டினால் ஆனவை. அது இல்லாத மாற்று உண்டா என்று கேட்பதில் நாணம் வேண்டா. பி12 ஊட்டச்சத்து புலால் உண்ணாதவர்க்கு இயல்பிலேயே குறையக்கூடியது. அறுவைக்குப் பின் அதையும் இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் வாழ்நாள் முழுதும் கவனிக்க வேண்டும். இரவு உண்ணாமையைக் கைக்கொள்பவர் மாத்திரை நேரங்களை முன்னரே பேசி வகுத்துக்கொள்ளட்டும். அறுவை செய்துகொண்டவர் தசலட்சண நாள்களில் நீண்ட உபவாசம் ஏற்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். நீர் வற்றிய உடல் தவத்துக்குத் துணை செய்யாது. இரவில் தனித்தெழுந்து கட்டுக்கடங்காமல் உண்ணும் பழக்கம் இருந்தால், அது மனநல மருத்துவர் தீர்த்துவைக்கக்கூடிய நோய். அறுவைக்கு முன்பே அதைச் சொல்லிவிடுவது நல்லது.

முன்னர்க் கூறிய மாணவிக்கு மறுமுறை நாள் குறித்தபோது அவ்வீட்டில் விருந்து இல்லை. இரு வாரமும் கணவர் மாலையில் அவரோடு நடந்தார். மாமியார் வீட்டில் எல்லாருக்கும் ஒரே பருப்பும் காயும் சமைத்தார். அவருக்கென்று தனித்தட்டு வைத்து அவரை நோயாளியாக்கவில்லை. “பயமாக இருக்கிறது” என்று அவர் சொன்ன இரவுகளில், அத்தை அருகில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். அறுவை நன்கு முடிந்தது.

உறவினர்களே, உங்களுள் யாருக்கேனும் இப்படி ஒரு நாள் குறிக்கப்பட்டால், அவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போங்கள். இனிப்புப் பொட்டலம் வேண்டா. ஒரு மணி நேரம் உடன் இருந்துவிட்டு வாருங்கள். அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டவரே, உங்கள் நோன்பு மருத்துவமனை வாசலில் தொடங்குவதன்று. இன்றைய தட்டில் தொடங்குகிறது. அதில் ஒரு கவளம் குறைத்து எழுங்கள்.