பத்துக்கு ஐந்து

சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கணக்குப் படிக்க வரும் இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். இருவரும் ஆறாம் வகுப்பு. ஐந்து கூட்டல், ஐந்து பெருக்கல் கொடுத்தேன். எல்லாம் பின்னக் கணக்கு. ஒவ்வொன்றிலும் கீழ் எண்கள் இரண்டும் ஒன்றே. இருவருக்கும் பத்துக்கு ஐந்து.

மதிப்பெண் ஒன்றுதான். நோட்டைப் புரட்டினால் கதை வேறு.

ஐந்தில் மூன்றோடு ஐந்தில் ஒன்றைக் கூட்டும்போது, இருவரில் பெண் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிப் பத்தில் நான்கு என்று எழுதியிருந்தாள். பெருக்கல் ஐந்தும் சரி. பையனுக்குக் கூட்டல் தண்ணீர் பட்ட பாடு. அதே எண்களைப் பெருக்கச் சொன்னால், கீழே இருந்த ஐந்தை அப்படியே இறக்கிவிட்டு, ஐந்தில் மூன்று என்கிறான். “கூட்டும்போது அப்படித்தானே டீச்சர் விட்டோம்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி.

இவள் பெருக்கும் வழியில் கூட்டுகிறாள். அவன் கூட்டும் வழியில் பெருக்குகிறான். அமெரிக்காவில் டேவிட் பிரெய்த்வெயிட், ராபர்ட் சீக்லர் முதலானோர் 2019-இல் வெளியிட்ட ஆய்விலும் இவ்விரு வகைப் பிள்ளைகள் உண்டு. ஒரே மாதிரிக் கணக்கை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகப் போடும் பிள்ளைகளும் உண்டு. அங்குள்ள பாடநூல்களில் கீழ் எண் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் கூட்டலாகவோ கழித்தலாகவோதான் இருக்கும். அப்படிப்பட்ட பெருக்கல் அபூர்வம். பிள்ளை எதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறதோ அதைத்தானே பிடித்துக்கொள்ளும்? அதைச் சோம்பல் என்று திட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் குழப்பம் புதிதும் அல்ல. 1978-இல் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளிடம், பதின்மூன்றில் பன்னிரண்டையும் எட்டில் ஏழையும் கூட்டினால் சுமாராக எவ்வளவு வரும் என்று கேட்டார்கள். இரண்டுமே ஏறக்குறைய ஒன்று. ஆக, விடை இரண்டு. 24 சதவீதம் பேர்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 19, 21 என்ற விடைகளும் பட்டியலில் இருந்தன. மேல் எண்களைக் கூட்டினால் 19, கீழ் எண்களைக் கூட்டினால் 21.

என் திண்ணைக்கு வரும் அந்தப் பெண்ணிடம் ஒரு காகிதப் பட்டையை ஐந்தாக மடித்துக் கொடுத்து, மூன்று மடிப்புக்கு வண்ணம் தீட்டச் சொன்னேன். பாதியைத் தாண்டிவிட்டது. “இன்னொரு மடிப்பும் சேர்ந்தால்?” பத்தில் நான்கு என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். அது பாதிக்கும் குறைவு. ரப்பரைத் தேடினாள்.

பையனுக்குப் பட்டை போதாது. சதுரக் காகிதத்தை ஐந்துக்கு ஐந்தாக மடித்து, ஐந்தில் மூன்றுக்குள் ஐந்தில் ஒன்று எங்கே என்று தேடச் சொல்லியிருக்கிறேன். நேற்று இருபத்தைந்து கட்டத்தையும் எண்ணிவிட்டு, மூன்றுக்கு மட்டும் பென்சிலால் நிழல் போட்டுக்கொண்டிருந்தான்.