நகரின் முகமும் உயிரும்

ஒரு நகரத்தைத் தொலைவிலிருந்து காண்பவர் கண்ணில் முதலிற் படுவது அதன் வானவிளிம்பே ஆகும். மாடங்களும் கோபுரங்களும் தம் உச்சிகளால் வானத்தின்மீது வரைந்து காட்டும் கோட்டினையே நாம் இங்கு வானவிளிம்பு என்கிறோம். கோபுரம் தெரிந்தவுடன், ஊர் வந்துவிட்டதென்று மூட்டையைக் கையில் எடுத்துக்கொள்வது வழிப்போக்கர் இயல்பு. ஆதலின், உயர்ந்த கட்டடம் ஊருக்கு ஓர் அடையாளம் என்பதில் ஐயமில்லை. ஆனால், அடையாளம் வேறு, உயிர் வேறு. முகத்தைக் கண்ட அளவில் ஒருவரை முற்றும் அறிந்துகொண்டோம் என்று சொல்ல இயலாது. நகரத்தின் நிலையும் அதுவே. ஒரு நகரம் எதனால் நகரமாகிறது? அதில் வாழ்வோர்க்கு அது எப்போது மெய்யான ஊராகத் தோன்றுகிறது? மும்பை மாநகரை முன்வைத்து இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

1995ஆம் ஆண்டுவரை பம்பாய் என்று வழங்கிய இந்நகரம் ஒரு காலத்தில் ஏழு தீவுகளாகச் சிதறிக் கிடந்தது. போர்த்துக்கீசியர் வசமிருந்த அத்தீவுகள், 1661ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்குத் திருமணச் சீராகத் தரப்பட்டன. 1668இல் அம்மன்னர் அவற்றை ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டார். பின்னர் ஹார்ன்பி என்னும் கவர்னர் காலத்தில், வொர்லியின் அருகே கடல்நீர் உட்புகுந்த வாய் அணையிட்டு அடைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மண்ணும் கல்லும் கொட்டித் தீவுகளை ஒன்றாக்கினார்கள். வேறு ஊர்களில் நிலத்தின்மேல் நகரம் எழுந்தது. இங்கோ நிலத்தையே மனிதர் ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மும்பையின் பெருமையும் இடர்ப்பாடும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், பார்ட்டில் பிரீயர் கவர்னராக இருந்தபோது, பழைய கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டன. அவ்வாறு திறந்த வெளியைச் சுற்றிப் பெருங்கட்டடங்கள் எழுந்தன. அவற்றுள் ராஜாபாய் மணிக்கூண்டு 1878இல் முடிவுற்றது. அதன் உயரம் 280 அடி. பருத்தி வாணிபத்தில் பெரும்பொருள் ஈட்டிய பிரேம்சந்த் ராய்சந்த் தம் தாயின் பெயரால் அதனை எழுப்பப் பொருளுதவினார். கண்பார்வை மங்கிய அம்மூதாட்டி, கதிரவன் மறையுமுன் உணவு கொள்ளும் தம் சமண நோன்பைத் தவறாது காக்க, மணியோசையே துணையாயிற்று என்று ஊரார் கதை சொல்லுவர். கதை எவ்வாறாயினும், அக்கூண்டின் பயன் தெளிவானது. அது பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டு. அதன் நாழிகை செல்வருக்கும் ஏழைக்கும் ஒன்றே. பின்னர் எழுந்த விக்டோரியா இருப்புப்பாதை நிலையமும் அத்தகையதே. ஊரின் மிகச்சிறந்த கட்டடங்களுள் ஒன்றினுள் கூலித் தொழிலாளி நாள்தோறும் தலைநிமிர்ந்து நுழைந்து வெளிவரலாம். 2004இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்நிலையம் இன்றும் மக்கள் நடமாட்டத்தால் நிரம்பி வழிகிறது.

அடுத்த காலத்தின் வானவிளிம்பு மெரீன் டிரைவ் எனப்படும் கடற்கரைச் சாலை. 1930ஆம் ஆண்டுகளிலும் அதனையடுத்தும் அங்கே எழுந்த வீடுகள், உயரத்தில் ஒன்றையொன்று விஞ்ச முனையாமல், ஏறத்தாழ ஓரே மட்டத்தில் வரிசையாக நிற்கின்றன. அவையும் பழைய கட்டடத் தொகுதியும் 2018இல் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும், அச்சாலைக்கு உயிரூட்டுவது எது? கடலை ஒட்டிய நீண்ட நடைபாதையும், அதன் ஓரத்துக் கைப்பிடிச் சுவருமே ஆகும். மாலை வேளையில் அச்சுவரின்மேல் அமர்வதற்கு யாரும் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை. அங்கே வீடு வாங்க இயலாதவர்களும் அக்கடற்கரையைத் தமதென்றே கருதுகிறார்கள்.

இவற்றிற்கு வடக்கே பரேல், லால்பாக் முதலிய பகுதிகளில் வானத்தைத் தொட்டவை வேறு. அவை பஞ்சாலைகளின் புகைபோக்கிகள். 1850ஆம் ஆண்டுகளில் முதல் ஆலை தோன்றியது. பின்னர் அவை பெருகிப் பெருகி இலட்சக்கணக்கானோர்க்குச் சோறு போட்டன. ஆலைத் தொழிலாளர் ‘சால்’ எனப்படும் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். நீண்ட தாழ்வாரம், அதனை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், அனைவர்க்கும் பொதுவான நீர்க்குழாய்: இதுவே சாலின் அமைப்பு. அவ்வறைகளில் நெருக்கடி மிகுதி, அதனைப் புகழ்வதற்கில்லை. எனினும், அத்தாழ்வாரம் குழந்தைகளுக்கு ஆடுகளமாயிற்று, முதியோர்க்குத் திண்ணையாயிற்று, துன்பம் நேர்ந்த வீட்டிற்கு அண்டை வீட்டார் ஓடிவரும் வழியும் அதுவே ஆயிற்று.

1982ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதன்பின் ஆலைகள் பல மீண்டும் எழவே இல்லை. எஞ்சியது ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம். அதுவும் இடநெருக்கடி மிகுந்த நகரின் நடுவில். 1991இல் வகுத்த விதியின்படி, ஆலை நிலம் விற்பனைக்கும் புதுக் கட்டடங்களுக்கும் வரும்போது, ஒரு பங்கு பூங்காவுக்கும் வெளியிடத்துக்கும், ஒரு பங்கு எளியோர் வீட்டுக்கும், எஞ்சியது உரிமையாளர்க்கும் என ஏறத்தாழ மூன்றாகப் பகுக்கப்பட வேண்டும். 2001இல் அவ்விதி திருத்தப்பட்டது. கட்டடம் ஏதுமின்றிக் காலியாகக் கிடக்கும் நிலத்தை மட்டும் பகுத்தாற் போதும் என்றாயிற்று. ஆலைக் கட்டடங்கள் நிலத்தின் பெரும்பகுதியை அடைத்து நின்றமையால், பொதுமக்கள் பங்கு மிகவும் சுருங்கியது. வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. 2006இல் அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. விதியில் மாறியவை சில சொற்களே. ஆனால், வானவிளிம்பு அடியோடு மாறிவிட்டது. ஸ்ரீநிவாஸ் ஆலை இருந்த நிலத்தில் இன்று ஏறத்தாழ 280 மீட்டர் உயரமுள்ள கட்டடம் நிற்கிறது. ராஜாபாய் மணிக்கூண்டு 280 அடி என்பதை நினைவிற் கொண்டால், அது மும்மடங்குக்கும் மேல் என்பது விளங்கும்.

வானத்தை நோக்கி வளர்ந்த அப்பகுதி, நிலத்தில் என்னவாயிற்று என்று பார்க்க வேண்டாமா? ஆலைகள் இருந்த இடத்தில் அலுவலகங்கள் வந்தன. அவற்றில் வேலை பார்ப்போர் இரயிலில் வந்து இறங்கினார்கள். ஆனால், எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைபாலம் குறுகியதாகவே இருந்தது. 2017 செப்டம்பர் 29ஆம் நாள் காலை, மழைக்கு ஒதுங்கியவர்களும் இரயிலிலிருந்து இறங்கியவர்களும் அப்பாலத்தின் படிகளில் நெருக்குண்டனர். 23 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் இராணுவத்தினரைக் கொண்டு புதுப்பாலம் அமைக்கப்பட்டு, 2018 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஐந்தே திங்களில் செய்ய முடிந்த பணி அது! கோபுரங்களை எழுப்பும் திறமை நம்மிடம் இருந்தது. பாலத்தை அகலமாக்கும் நினைவே இல்லாதிருந்தது. தொலைவிலிருந்து எடுக்கும் நிழற்படத்தில் பாலத்தின் படி விழுவதில்லை. அங்கே நிற்பவர்க்கோ, அந்தப் படிதான் நகரம்.

இதனால் உயர்ந்த கட்டடமே தீது என்று கொள்ளலாகாது. கடல் சூழ்ந்து, அகலம் குறுகி, நீண்டு கிடக்கும் நகரம் இது. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஒரு கோடியே இருபத்து நான்கு இலட்சம் மக்கள் இதில் வாழ்ந்தார்கள். ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். இத்தனை பேருக்கும் தரையிலேயே வீடு என்பது நடவாத செயல். சார்லஸ் கொரியா என்னும் கட்டடக் கலைஞர் 1983இல் கட்டி முடித்த காஞ்சன்ஜங்கா என்ற இருபத்தெட்டு மாடிக் கட்டடத்தைப் பாருங்கள். வெயிலும் மழையும் வீட்டினுள் தாக்காதவாறு, பழைய பங்களாக்களின் தாழ்வாரத்தை அவர் வானத்தின் உயரத்திற்குக் கொண்டு சென்றார். கடற்காற்று உள்ளே ஊடுருவிச் செல்லவும் வழி வைத்தார். அது வசதி படைத்தோர்க்கான கட்டடமே. எனினும், உயரம் வாழ்க்கை முறையை அழித்துத்தான் தீரவேண்டும் என்பதில்லை என்று அது காட்டுகிறது. குற்றம் உயரத்தில் இல்லை; உயரத்தைத் தாங்கும் தரையை மறப்பதில் இருக்கிறது. 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் மூழ்கியபோது, அடைபட்ட மீட்டி ஆறும் இதே பாடத்தைத்தான் புகட்டியது.

தமிழர்க்கு நெருங்கிய தொடர்புடைய தாராவியின் நிலையையும் இங்குக் கருத வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் பலர் அங்கே தலைமுறைகளாக வேரூன்றினர். கும்பார்வாடாவில் குஜராத்திலிருந்து வந்த குயவர்கள் இன்றும் சூளை மூட்டுகின்றனர். வானவிளிம்பில் இடம்பெறாத ஊர் அது. கழிப்பிடமும் குடிநீரும் போதாமல் மக்கள் அங்கே படும் துன்பம் பெரிது. அதனை அழகென்று வருணிப்பது அறமன்று. அவர்களுக்கு நல்ல வீடு வேண்டும். ஆயினும், அங்கே வீடும் தொழிலும் ஓரே சுவரின் இருபுறம். கீழே பட்டறை, மேலே குடித்தனம். அப்பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு, இப்போது செயலுருப் பெறத் தொடங்கியிருக்கிறது. இருபதாவது மாடியில் குயவர் சூளையை எங்கே வைப்பார்? தெருவில் இறங்கி வாணிபம் செய்தவர், மின்தூக்கியின் முன் காத்திருந்து எதை விற்பார்? வீடு கொடுத்துத் தொழிலைப் பறித்தால், அது கொடையாகாது. இவ்வினாக்களுக்கு விடை சொல்லாத வரைபடம் எத்துணை அழகாக இருப்பினும் முழுமையானதன்று.

புகார் நகரத்தைப் பாட வந்த இளங்கோவடிகள் மாடங்களின் உயரத்தோடு நின்றுவிடவில்லை. எந்தத் தெருவில் யார் இருந்தனர், என்ன தொழில் செய்தனர், எதை விற்றனர் என்று ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். நகரத்தை அளக்க அதுவே சரியான முறையென்று தோன்றுகிறது. ஆகவே, வளரும் நகரம் ஒன்றைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். பணமின்றி ஒருவர் ஒரு நாழிகை அமர்ந்திருக்க அங்கே இடமுண்டா? அந்நகரைக் கட்டியவரும் பெருக்குபவரும் அதனுள்ளேயே குடியிருக்க முடிகிறதா? கூட்டம் பெருகும்போது படியும் பாலமும் வாய்க்காலும் உடன் பெருகுகின்றனவா? இம்மூன்றிற்கும் ஆம் என்று விடை வருமாயின், அந்நகரின் கட்டடங்கள் எவ்வளவு உயர்ந்தாலும் நன்றே. இல்லை என்று வருமாயின், வானத்தில் எழுதிய அந்த அழகிய கோடு வெறும் கோடாகவே நின்றுவிடும்.